நஷ்டம் நிரந்தரமா?

2022-ம் வருஷம் ஏப்ரல் மாத இறுதியில் ரிஸர்வ் பாங்கி வெளியிட்ட, நாணயமும் நிதியும் பற்றிய வருஷாந்தர அறிக்கையில் ஒரு கணக்கு வெளிவந்தது. கொரோனாக் கொள்ளைநோயால் தேசத்தின் உற்பத்திக்கு நேர்ந்த நஷ்டம் 2034-35-ல்தான் ஈடாகும் என்பதே அது. 2020-21-ல் 19.1 லக்ஷம் கோடி ரூபாய், அடுத்த வருஷம் 17.1 லக்ஷம் கோடி, அதற்கடுத்த வருஷம் 16.4 லக்ஷம் கோடி என்று நஷ்டத்தையும் அவ்வறிக்கை தொகை போட்டுக் காட்டிற்று. அறிக்கையிலுள்ள அபிப்பிராயங்கள் அதை எழுதிய உத்தியோகஸ்தர்களுடையவை, பாங்கியினுடையவை அல்ல என்ற குறிப்பும் அதிலேயே உண்டு. ஆயினும் பத்திரிகைகள் பற்றிக்கொண்டது அந்த ஒரு வருஷத்தைத்தான். எதிர்க்கட்சியினர் அதை வைத்து சர்க்காரைத் தாக்கினர். சர்க்கார் தரப்பினர் அடுத்த வருஷங்களின் வளர்ச்சி வீதத்தைக் காட்டிப் பதில் சொல்லினர். அந்த வருஷம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் சிலரே.

அக்கேள்வியைக் கேட்க வேண்டியதன் அவசியம் என்ன? உற்பத்திக்கு விழுந்த அடி நிரந்தரமானது என்று ஒரு சர்க்கார் நம்பினால், இனி வரும்படி குறைவுதான் என்று செலவைச் சுருக்கும், நிவாரணத்தை நிறுத்தும். அடி தாற்காலிகமானது என்று நம்பினால், கடன் வாங்கியாவது ஜனங்களைத் தாங்கி நிற்கும். வட்டி வீதமும் இதையே பொறுத்தது. தேசத்தால் உற்பத்தி செய்யக்கூடியதற்கும் உண்மையில் செய்வதற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்று பார்த்தே வட்டியை ஏற்றுவதா, தாழ்த்துவதா என்று யோசிக்கிறார்கள். இழந்தது இழந்ததே என்றால் இடைவெளி சிறியது. வட்டியைச் சீக்கிரம் ஏற்றலாம். இழந்தது திரும்பும் என்றால் இடைவெளி பெரியது, பொறுத்திருக்க வேண்டும். மேற்சொன்ன அறிக்கை வெளியாகி ஒரு வாரங்கூட ஆகுமுன், மே மாதம் 4-ந் தேதி, ரிஸர்வ் பாங்கி வட்டியை 4 சதவிகிதத்திலிருந்து 4.4 ஆக ஏற்றியது; 2023 பிப்ரவரிக்குள் அது 6.5 ஆயிற்று. அறிக்கைதான் அதற்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. விலைவாசி ஏற்றமே அன்று சொல்லப்பட்ட காரணம். ஆனால் வீடு கட்டக் கடன் வாங்கியவன் முதல் நெசவுப் பட்டறைக்காரன் வரை எல்லோரையும் தொடும் தீர்மானங்களின் அடியில் இந்த ‘நிரந்தரமா, தாற்காலிகமா’ என்ற கேள்வி கிடக்கிறது என்பதை நேயர்கள் மனத்தில் கொள்ளவேண்டும்.

இனி அந்த வருஷத்தைப் பரிசோதிப்போம். அறிக்கை எழுதியவர்கள் செய்தது இது. கொள்ளைநோய்க்கு முன் தேசம் நடந்துவந்த வேகத்தைக் கணக்கிட்டார்கள். 2012-13 முதல் 2019-20 வரை அது வருஷத்துக்கு 6.6 சதவிகிதம், தளர்ச்சி கண்ட கடைசி வருஷங்களை விலக்கி 2016-17 வரை மட்டும் எடுத்தால் 7.1 சதவிகிதம் என்று இரண்டையும் குறித்தார்கள். பிறகு 2020-21-ல் 6.6 சதவிகித வீழ்ச்சி, அடுத்து 8.9, அடுத்து 7.2, அதன்பின் வருஷந்தோறும் 7.5 சதவிகித வளர்ச்சி என்று வைத்துக்கொண்டார்கள். பழைய வேகத்தில் இழுத்த கோட்டை இந்தப் புதிய பாதை எப்போது தொடும் என்பதே வினா.

நாமும் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போட்டுப் பார்த்தோம். 2019-20-ன் உற்பத்தியை 100 என்று வைத்தால், அவர்கள் கொண்ட எண்களின்படி 2022-23-ல் அது 109. பழைய கோட்டை 6.6 சதவிகித வேகத்தில் இழுத்தால் அவ்வருஷம் 121 இருந்திருக்க வேண்டும். இந்தப் பள்ளம் தூரப் பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் ஆகிறது. அதாவது அவர்கள் சொன்ன 2034-35-ஐ ஒட்டியே வருகிறது. சரி, அதே அறிக்கை குறித்த மற்றோர் எண்ணான 7.1-ஐக் கொண்டு கோட்டை இழுத்தால்? முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது; 2054-55! கொள்ளைநோய்க்கு முந்திய இரண்டு வருஷங்களின் வளர்ச்சி 6.5, 3.9. அவற்றின் சராசரியான 5.2 சதவிகிதமே தேசத்தின் உண்மையான வேகம் என்று ஒருவர் வாதித்தால்? மூன்றே வருஷம், 2025-26 வாக்கில் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. வீழ்ச்சியின் எண்ணையோ மீட்சியின் எண்ணையோ நாம் தொடவில்லை. கோட்டின் சாய்வை மட்டும் சிறிது மாற்றினோம். மூன்று வருஷம் பன்னிரண்டாகி, பன்னிரண்டு முப்பத்திரண்டாகிவிட்டது.

பின்னர் வந்த புள்ளிகளையும் பார்க்கலாம். 2020-21-ன் வீழ்ச்சி ஒரு சமயம் 7.3 என்றார்கள், பிறகு 6.6 என்றார்கள், பிறகு 5.8 என்றார்கள். 2011-12-ன் விலைகளை அடிப்படையாகக் கொண்ட வரிசையில் 2025 மே மாதம் வரை வெளியான கணக்குகளின்படி, அதன்பின் வளர்ச்சி 9.7, 7.6, 9.2, 6.5. இவற்றைப் பெருக்கினால் 2024-25-ல் உற்பத்தி 129. 6.6 சதவிகிதக் கோட்டின்படி அது 138 ஆக இருந்திருக்க வேண்டும், 5.2 சதவிகிதக் கோட்டின்படியோ 129-ஐத் தாண்டவேண்டியதில்லை. ஒருவர் கண்ணுக்குப் பெரிய தழும்பு. மற்றவர் கண்ணுக்குக் காயமே ஆறிவிட்டது. இருவரும் பார்ப்பது ஒரே எண்களை.

கோளாறு எங்கே இருக்கிறது? கோடு போட்டதிலேயே இருக்கிறது. தேசத்தின் உற்பத்தி அடிமட்டம் வைத்து இழுத்த ஒரு கோட்டின் மேல் ஏறிச் செல்கிறது, அவ்வப்போது விலகினாலும் அதற்கே திரும்புகிறது என்ற எண்ணம் வெகுகாலம் நிபுணர்களிடம் வேரூன்றியிருந்தது. 1982-ல் நெல்சன், பிளாஸர் என்ற இரு அமெரிக்கர்கள் தம் தேசத்தின் பதினான்கு நீண்ட கால வரிசைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். வேலையில்லாதோர் விகிதம் ஒன்று நீங்கலாக மற்றவற்றில், அப்படிப்பட்ட கோடு ஒன்று இருக்கிறது என்று நிலைநாட்ட முடியவில்லை. கோடே இல்லை, போக்கே அடிக்கடி இடம் பெயர்கிறது, இன்று விழுந்த அடியில் ஒரு பங்கு என்றென்றும் தங்கிவிடுகிறது என்று கொள்வதற்கு அந்த எண்கள் இடம் கொடுத்தன. அப்படியானால் ‘பழைய பாதைக்குத் திரும்புவது எப்போது’ என்ற கேள்வியே பொருளற்றதாகிறது. வந்த அடியில் எத்தனை பங்கு தங்கும், எத்தனை பங்கு கரையும் என்பதே சரியான கேள்வி.

ஒற்றை வரிசையை மட்டும் உற்று நோக்கி இதற்கு விடை காண முடியாது. மேலும் கீழும் போகும் ஒரே கோடு, பெரிய நிரந்தர அடிகளாலும் ஆகியிருக்கலாம். நிரந்தர அடிகள் சிறிதும் தாற்காலிக அடிகள் பெரிதுமாகவும் இருக்கலாம். பிரித்துச் சொல்ல இன்னொரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் அபாயமும் இருக்கிறது. 1926-ல் யூல் என்ற ஆங்கிலப் புள்ளிவிவர அறிஞர் ஓர் உதாரணம் காட்டினார். 1866 முதல் 1911 வரை இங்கிலாந்தில் ஸ்தாபித மாதா கோயிலில் நடந்த விவாகங்களின் விகிதமும் மரண விகிதமும் கைகோத்துக்கொண்டு இறங்கின. இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை ஏறத்தாழப் பூரணம். கோயிலில் கல்யாணம் செய்தால் ஆயுள் குறையும் என்று புத்தியுள்ளவர் எவரும் சொல்லார். மனம்போன போக்கில் அலையும் இரண்டு வரிசைகள் தற்செயலாக ஒரே திசையில் போவது சகஜம் என்பதே இதன் தாத்பரியம். கிராஞ்சரும் நியூபோல்டும் 1974-ல் இதை மீண்டும் எடுத்துக்காட்டியபோது, அதுவரை அச்சேறிய பொருளாதார ஆராய்ச்சிகளில் பல ஆட்டங்கண்டன.

கிராஞ்சர் அதோடு நிற்கவில்லை. தற்செயலாகச் சேர்ந்து போகும் வரிசைகள் இருப்பதுபோல், உண்மையிலேயே ஒன்றோடொன்று பூட்டப்பட்ட வரிசைகளும் உண்டல்லவா என்று யோசித்தார். ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகளை நினைத்துக்கொள்ளலாம். வண்டிக்காரன் உறங்கிவிட்டால் வண்டி எந்த ஊருக்குப் போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. அது கால் போன போக்கு. ஆனால் ஒரு மாட்டைவிட்டு மற்ற மாடு நுகத்தின் நீளத்துக்கு மேல் விலகாது என்பது மட்டும் நிச்சயம். தனித்தனியே பார்த்தால் நிலையற்றவை; சேர்த்துப் பார்த்தால் இடையே உள்ள தூரம் நிலையானது. இப்படிப்பட்ட பிணைப்புக்குக் கிராஞ்சர் ‘கோயின்டக்ரேஷன்’ என்று பெயரிட்டார். எங்கிளுடன் சேர்ந்து 1987-ல் அதை விரிவாக எழுதினார். 2003-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இதற்காகவே. நாம் அதைப் பிணைப்பு என்றே வழங்குவோம்.

இந்தப் பிணைப்பினால் நிரந்தர அடியைக் கண்டுகொள்ளும் வழி ஒன்று பிறக்கிறது. இரண்டு மாடுகள், ஒரு நுகம். நுகத்தால் இரண்டு மாடுகளுக்கும் ஒரே பாதைதான். ஆகவே வண்டியை வேறு ஊருக்குத் திருப்பக்கூடிய அடி ஒரே வகைதான் இருக்க முடியும். மற்றொரு வகை அடி மாடுகளைச் சற்று முன்பின்னாகத் தள்ளும். நுகம் இழுத்ததும் அவை ஒழுங்காகிவிடும். மூன்று வரிசைகளுக்கிடையே இரண்டு பிணைப்புகள் இருந்தால், அங்கும் நிரந்தர அடி ஒன்றே. வரிசைகளின் எண்ணிக்கையிலிருந்து பிணைப்புகளின் எண்ணிக்கையைக் கழித்தால் மீதம் வருவது நிரந்தர அடிகளின் எண்ணிக்கை. பிணைப்புகளை எண்ணும் முறையை 1988-ல் கோபன்ஹேகனைச் சேர்ந்த ஜோஹான்ஸன் வகுத்துக் கொடுத்தார்.

எண்ணியாயிற்று; ஆள் அடையாளம் காண்பது எப்படி? நுகம் கழுத்தை அழுத்தும்போது எந்த மாடு திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். திரும்புகிற மாடு வழிதவறியிருந்த மாடு. திரும்பாமல் நேரே போகிற மாடே பாதையைக் காட்டும் மாடு. 1994-ல் காக்ரேன் என்ற அமெரிக்க அறிஞர் தம் தேசத்தின் உற்பத்தியையும் ஜனங்களின் நுகர்வுச் செலவையும் இப்படிச் சோதித்தார். நீண்ட காலத்தில் நுகர்வு உற்பத்தியில் ஏறத்தாழ ஒரு நிலையான பங்காக இருந்துவருகிறது. இரண்டும் விலகினால் திரும்புவது எது? உற்பத்திதான், நுகர்வு அசைவதில்லை. உற்பத்தி சரிந்தும் நுகர்வு சரியாமல் நின்றால், அச்சரிவு சீக்கிரம் மறைகிறது. நுகர்வும் சேர்ந்து சரிந்தால், சரிவு தங்கிவிடுகிறது. இதில் வியப்பில்லை. இந்த மாதம் கூலி குறைந்தது அடுத்த மாதம் வந்துவிடும் என்று நம்புகிறவன் உலையில் அரிசியைக் குறைப்பதில்லை. இனி வராது என்று தெரிந்தவன் குறைக்கிறான். தன் வரும்படியின் எதிர்காலத்தைப் பற்றிக் குடும்பத்துக்குத் தெரிந்திருப்பது எந்தப் புள்ளிவிவர இலாகாவுக்கும் தெரியாது. அந்த அறிவு நுகர்வில் வெளிப்படுகிறது. கோடு இழுத்துக் கணிப்பதைவிட இது எவ்வளவோ மேலானது என்பது நமது அபிப்பிராயம்.

ஆனால் இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. நிரந்தர அடிகள் எத்தனை என்று பிணைப்பு சொல்லும். அவை யாவை என்று சொல்லாது. 1991-ல் கிங், பிளாஸர், ஸ்டாக், வாட்ஸன் என்ற நால்வர் போருக்குப் பிந்திய அமெரிக்காவின் உற்பத்தி, நுகர்வு, மூலதன முதலீடு மூன்றையும் எடுத்துக்கொண்டார்கள். மூன்றுக்குள் இரண்டு பிணைப்புகள். ஒரே நிரந்தர அடி. அதற்கு ‘உற்பத்தித் திறன்’ என்று பெயரிட்டார்கள். தேசத்தின் ஏற்றத்தாழ்வுகளில் பெரும்பங்கு அதனாலேயே விளைவதாகத் தோன்றிற்று. பிறகு பணம், விலைவாசி, வட்டி ஆகிய மூன்றையும் சேர்த்தார்கள். ஆறு வரிசை, மூன்று பிணைப்பு. இப்போது மூன்று நிரந்தர அடிகள். உற்பத்தித் திறனுக்கு உரிய பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மூன்று அடிகளில் இது திறனால் வந்தது, இது பணவீக்கத்தால் வந்தது என்று பிரிக்க எண்கள் உதவவில்லை. எது முதல், எது அடுத்து என்ற வரிசையை ஆராய்ச்சியாளர்களே தம் கொள்கையின்படி அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் அதை ஒளிக்காமல் எழுதினார்கள். ஆகையால்தான் பிறர் அதை மறுத்து வாதாட முடிந்தது.

வேறு சிலர் வேறு கொள்கைகளை முன்வைத்தனர். கிராக்கியால் வரும் அடி உற்பத்தியில் என்றும் தங்காது என்பதை ஆரம்பத்திலேயே விதியாக வைத்துக்கொண்டார்கள் பிளாஞ்சார்டும் குவாவும், 1989-ல். கிராக்கி நெடுநாள் குறைந்தால் ஆலைகள் மூடி, தொழிலாளர் தொழில் மறந்து, அதுவே நிரந்தர நஷ்டமாகும் என்று நினைப்பவனுக்கு இந்த விதியில் இடமே இல்லை. அவன் கேட்க விரும்பும் கேள்விக்கு விடை வினாத்தாளிலேயே அடிக்கப்பட்டுவிட்டது. 1999-ல் காலி என்பவர், உழைப்பின் திறனை நிரந்தரமாக மாற்றுவது தொழில்நுட்பம் ஒன்றே என்ற விதியைக் கொண்டு ஆராய்ந்து, நல்ல தொழில்நுட்பம் வந்ததும் வேலை நேரம் முதலில் குறைகிறது என்றார். கிறிஸ்டியானோவும் அவர் தோழர்களும் அதே விதியைக் கொண்டே, வேலை நேரத்தை அதில் ஏற்படும் மாறுதலாக அல்லாமல் அளவாகவே எடுத்துக்கொண்டபோது, வேலை நேரம் ஏறுகிறது என்று விடை வந்தது. ஒரே தேசம், ஒரே எண்கள், எண்களைப் பதிவு செய்த விதத்தில் சிறு வித்தியாசம், முடிவு தலைகீழ். நிபுணர் கையெழுத்திட்ட முடிவுக்கெல்லாம் தலையாட்டும் சுபாவமுள்ளவர்கள் இதைச் சற்று ஆழ்ந்து சிந்திப்பது நல்லது.

அமெரிக்காவின் இரண்டு பெரிய வீழ்ச்சிகளும் இதற்கு உரைகல்லாக அமைந்தன. 2008-ல் பாங்கிகள் சரிந்ததை அடுத்து வந்த வீழ்ச்சிக்குப்பின் பழைய பாதைக்குத் துரிதமாகத் திரும்பலாம் என்று பலர் எதிர்பார்த்தார்கள். திரும்பவில்லை. அந்நாட்டுப் பார்லிமெண்டின் பட்ஜெட் அலுவலகம் தேசத்தின் உற்பத்திச் சக்தி பற்றிய மதிப்பீட்டை வருஷந்தோறும் குறைத்துக்கொண்டே வந்தது. உற்பத்தி ஏறி மதிப்பீட்டைத் தொடுவதற்குப் பதில் மதிப்பீடு இறங்கி உற்பத்தியைத் தொட்டது. 2020-ல் நடந்தது இதற்கு நேர் விரோதம். ஏப்ரல் மாதம் வேலையில்லாதோர் நூற்றுக்கு 14-க்கு மேல். 2022 ஜூலையிலோ 3.5 தான். சில வருஷங்களிலேயே உற்பத்தி பழைய பாதையை ஒட்டி வந்துவிட்டது.

இங்கே காக்ரேனின் மாடுகளுக்கு நேர்ந்த கதியைக் கவனிக்க வேண்டும். 2020-ன் வசந்தத்தில் நுகர்வும் பெருவீழ்ச்சி அடைந்தது. பழைய விதிப்படி பார்த்தால், நுகர்வும் சேர்ந்து விழுந்ததால் அடி நிரந்தரமானது என்று தீர்ப்பெழுதியிருக்க வேண்டும். ஆனால் ஜனங்கள் செலவைக் குறைத்தது எதிர்காலத்தை எண்ணி அல்ல, கடைகள் சாத்தியிருந்தன. சர்க்கார் அனுப்பிய பணம் பெட்டியில் கிடந்தது. அந்த ஏப்ரலில் வரும்படியில் நூற்றுக்கு 30-க்கும் மேல் சேமிப்பாயிற்று. இதுவரை நிரந்தரத்தின் அடையாளமாக இருந்த ஒன்று, அன்று தாற்காலிகத்தின் அடையாளமாக இருந்தது. நாற்பது, ஐம்பது வருஷ அனுபவத்தில் கற்ற பாடம் புது வகையான அடி விழுந்த அன்று தவறான வழியைக் காட்டிற்று. எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன் ஏமாந்தான். தெருவையும் எட்டிப் பார்த்தவன் தப்பினான்.

நம் தேசத்துக்கு வருவோம். மேனாட்டார் செய்ததுபோல் இங்கும் உற்பத்தி, நுகர்வு இரண்டையும் பூட்டிப் பார்த்து எது நிரந்தரம் என்று சொல்லிவிடலாம் என்று எண்ணுவோருக்கு ஒரு சங்கதியை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. நமது தேசியக் கணக்கில் ஜனங்களின் நுகர்வு பெரும்பாலும் வீடு வீடாகக் கேட்டுத் திரட்டப்படுவதில்லை. இன்ன பண்டம் இவ்வளவு உற்பத்தியாயிற்று, இவ்வளவு இறக்குமதியாயிற்று, அதில் ஏற்றுமதிக்குப் போனது, ஆலைகளுக்குப் போனது, சர்க்கார் எடுத்தது இவ்வளவு, மிச்சம் ஜனங்கள் நுகர்ந்தது என்று கழித்தல் மூலமே பெரும்பகுதி கணிக்கப்படுகிறது. உற்பத்தியிலிருந்து நுகர்வை வருவித்துவிட்டுப் பின்பு உற்பத்தியும் நுகர்வும் பிணைந்து செல்கின்றன என்று கண்டுபிடித்தால் அது என்ன கண்டுபிடிப்பு? அந்த நுகத்தடியைப் பூட்டியது ஜனங்களின் வாழ்க்கையா, புள்ளிவிவர இலாகாவின் மேஜையா? இரண்டு சாட்சிகள் என்று நினைத்தோம். ஒருவரே இரண்டு தடவை கூண்டேறியிருக்கிறார்.

சுயேச்சையான சாட்சி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. குடும்பங்களை நேரில் கேட்டு எழுதும் நுகர்வுச் செலவு ஆய்வே அது. 2011-12-ல் ஒன்று நடந்தது. 2017-18-ல் மற்றொன்று நடந்தது. அதன் முடிவுகளை, தரம் போதாது என்று காரணம் கூறி, வெளியிடுவதில்லை என்று 2019 நவம்பரில் சர்க்கார் அறிவித்துவிட்டது. அடுத்த ஆய்வு 2022-23-ல்தான். 2016 நவம்பரில் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது, 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தது, 2020-ல் கொள்ளைநோய் வந்தது. பதினொரு வருஷ இடைவெளிக்குள் மூன்று பெரிய அடிகள். எந்த அடி தங்கியது, எது கரைந்தது என்று சொல்லக்கூடிய சாட்சியின் வாய் அந்தக் காலம் முழுவதும் கட்டப்பட்டிருந்தது. தரம் போதாது என்பது மெய்யாகவே இருக்கலாம். அப்படியானால் தரக்குறைவு இன்னது என்று குறித்து, எண்களையும் வெளியிட்டு, கற்றோர் தீர்ப்புக்கு விட்டிருக்கலாம். பூட்டி வைத்ததற்கு நியாயம் சொல்லியதாக நாம் காணவில்லை.

காலாண்டுக் கணக்குகளும் நீண்ட கால ஆராய்ச்சிக்கு ஏற்ற நிலையில் இல்லை. 1996-97-லிருந்துதான் அவை இருக்கின்றன. இடையில் அடிப்படை வருஷம் மாறும்போதெல்லாம் பழைய வரிசையும் புதிய வரிசையும் பொருந்தாமல் நிற்கின்றன. சிறு தொழில்களும் சில்லறை வியாபாரமும் அடைந்த கதியை, பெரிய கம்பெனிகளின் கணக்கைக் கொண்டு பெரும்பாலும் ஊகித்தே நிரப்புகிறார்கள். பெரிய கம்பெனி தேறி, பக்கத்துச் சிறு பட்டறை மூடிப்போன காலத்தில் அந்த ஊகம் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை உற்பத்தி 23.9 சதவிகிதம் விழுந்தது என்ற முதல் மதிப்பீட்டில்கூடப் பட்டறைகளின் நஷ்டம் முழுவதும் அடங்கியிருக்குமா என்பது சந்தேகமே.

இந்நிலையில் எதை நம்பித் தீர்மானிப்பது? அடி எந்த வழியாகத் தங்குகிறது என்று நேரே பார்ப்பதுதான் மேல். 2018-19-ல் உழைப்பவரில் நூற்றுக்கு 42.5 பேர் விவசாயத்தில் இருந்தனர் என்று சர்க்காரின் தொழிலாளர் ஆய்வே சொல்கிறது. 2020-21-ல் அது 46.5 ஆயிற்று. நகரங்களிலிருந்து கால்நடையாகக் கிராமத்துக்குத் திரும்பியவர்களை நாடு முழுவதும் கண்டது. ஊரடங்கு தளர்ந்ததும் அவர்கள் திரும்பிப் போயிருந்தால் அடி தாற்காலிகம் என்று கொள்ளலாம். 2023-24-ன் ஆய்விலோ விவசாயத்தில் நூற்றுக்கு 46.1 பேர். உற்பத்தியின் மொத்தத் தொகை 9 சதவிகிதம் ஏறிய வருஷத்திலும் அவர்கள் வயலை விட்டுப் போகவில்லை. ஒரு தலைமுறையாகக் குறைந்துகொண்டே வந்த விகிதம் ஏறி, ஏறிய இடத்திலேயே நிற்பது எந்தக் கோட்டையும் இழுக்காமலே நமக்கு ஒன்றைச் சொல்கிறது. அதே ஆய்வின் எண்களில் ஒரு பகுதி, முன்பு கணக்கில் வராத பெண்களின் வயல் வேலை இப்போது பதிவாவதால் வந்தது என்று வாதிப்போரும் உண்டு. அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதைச் சோதிக்க வழி இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கணக்கு வெளியாகிறது. 2034-35 என்ற வருஷத்தைச் சோதிக்க 2034-35 வரை காத்திருக்க வேண்டும்.

ஆகவே ரிஸர்வ் பாங்கியையும் புள்ளிவிவர இலாகாவையும் நாம் கேட்பது அதிகமில்லை. அடுத்த முறை இப்படி ஒரு வருஷத்தைக் குறிப்பிடும்போது, கோட்டை 5.2-ல் இழுத்தால் எந்த வருஷம், 6.6-ல் இழுத்தால் எந்த வருஷம், 7.1-ல் இழுத்தால் எந்த வருஷம் என்ற மூன்றையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிடட்டும். பிணைப்பு முறையில் ஆராய்ந்திருந்தால், எந்த அடிக்கு எந்தப் பெயரைத் தாமே சூட்டினார்கள் என்பதையும், பெயரை மாற்றிச் சூட்டினால் முடிவு எவ்வளவு மாறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். நுகர்வுச் செலவு ஆய்வை வருஷந்தோறும் நடத்தி, நன்றாக வந்தாலும் வராவிட்டாலும், குறித்த தேதியில் வெளியிடட்டும். பூட்டி வைத்த 2017-18-ன் எண்களையும் இப்போதாவது வெளியே விடலாம். அந்த வருஷத்தின் நோட்டுப் புஸ்தகங்களில் எழுதியிருப்பது ஆயிரக்கணக்கான ஊர்களில் குடும்பத்தார் தம் அடுப்படிச் செலவைப் பற்றிச் சொன்ன பதில். அது ஜனங்களின் சொத்து.